முதலில் சேஸிஸ், அப்புறம் பாடி: பாளையங்கோட்டையில் ஒரு ஹாட் ராட் கிட் தேர்வு

பின்னணி

இந்த நிகழ்வில் வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் அரசுப் பேருந்துப் பணிமனையில் 30 வருடத்துக்கு மேல் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 61. மற்றவர் அவருடைய தங்கை மகன், வயது 26. வண்ணார்பேட்டையில் கட்டிட வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றில் வேலை. இங்கே மாமா, மருமகன் என்றே குறிப்பிடுகிறேன். நான் 14 வருடமாக பிளாஸ்டிக் கார் கிட்டுகள், அதாவது பாகங்களை ஒட்டிச் சின்ன மாதிரிக் கார் செய்யும் பெட்டிகள், கட்டி வருகிறேன். மருமகனுக்கு என்னைத் தெரியும் என்பதால் இதில் வந்து சேர்ந்தேன். நடந்த தவறுகளில் ஒன்று என்னுடையது. அதையும் அதன் இடத்தில் எழுதியிருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு மாமாவுக்கு வீட்டில் கை சும்மா இருக்கவில்லை. காலையில் தாமிரபரணிக்குப் போய்க் குளித்துவிட்டு வருவார், பேப்பர் படிப்பார், அதற்கப்புறம் நாள் நீண்டுகொண்டே போகும். இதைப் பார்த்த மருமகன், இருவரும் சேர்ந்து கட்டலாம் என்று கார் கிட் வாங்க முடிவு செய்தார். அதுவும் ஹாட் ராட். மாமா சின்ன வயதில் கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டுக் கொட்டகையில் நின்ற பழைய ஃபோர்டைப் பார்த்திருக்கிறார். அதைப் பற்றி அடிக்கடி பேசுவார். மருமகன் மனதில் இருந்தது அந்தப் பேச்சுதான்.

ஹாட் ராட் என்றால் என்ன என்று மாமாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. 1930களில் தெற்கு கலிபோர்னியாவில் இளைஞர்கள் மலிவாகக் கிடைத்த பழைய ஃபோர்டுகளை வாங்கி, மட்கார்டு, பம்பர் எல்லாவற்றையும் கழற்றி எடையைக் குறைத்து, என்ஜினை முறுக்கேற்றி, மியூராக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். அந்த ஓட்டங்களை ஒழுங்குபடுத்த 1937ல் ஒரு சங்கமே உருவானது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பியவர்களால் இது இன்னும் பரவியது. மாமா கேட்டுவிட்டு, "அப்போ கோடையில வத்துன குளத்துக்குள்ள வண்டி ஓட்டுனானுவ, அப்படித்தான?" என்றார். சரியாகப் புரிந்துகொண்டார்.

முதல் வாங்கல்

ஜூன் மாதம், தென்காசிப் பக்கம் சாரல் தொடங்கியிருந்த நேரம். மருமகன் என்னைக் கேட்காமலே இரண்டு கிட் வாங்கிவிட்டார். திருநெல்வேலியில் இதற்கென்று கடை கிடையாது. இணையத்தில்தான் வாங்க வேண்டும், இல்லையென்றால் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி விட வேண்டும்.

முதலாவது, ஐசிஎம் நிறுவனத்தின் 1/24 அளவு (நிஜ வண்டியில் 24ல் ஒரு பங்கு) ஃபோர்டு மாடல் டி, 1913ஆம் ஆண்டு ரோட்ஸ்டர், அதாவது நிலையான கூரை இல்லாத வண்டி. புதியது. இரண்டாவது, 1934 ஃபோர்டு கூபே, அதாவது நிலையான கூரையுள்ள இரு கதவு வண்டி, 1/25 அளவு. பெட்டி பிரித்த பழைய கிட், ஒரு தனியாரிடமிருந்து வாங்கியது. பெட்டிப் படத்தில் கூரை தாழ்ந்து, பின் சக்கரம் பெருத்து, நெருப்பு வரைந்த கார் இருந்தது. படத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன் என்று மருமகன் பிறகு சொன்னார். இரண்டுக்கும் சேர்த்து அவர் சம்பளத்தில் பாதி போயிருந்தது.

அவருடைய திட்டம் இது: டி காரின் பாடியை எடுத்து, 1934 கிட்டின் சேஸிஸ் (அடிச்சட்டம்) மேல் வைத்து, அதே கிட்டின் வி8 (V வடிவில் எட்டு சிலிண்டர்) என்ஜினைப் பூட்டினால் டி-பக்கெட், அதாவது திறந்த மாடல் டி உடலில் கட்டும் வகை ஹாட் ராட் கிடைக்கும். போனில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அண்ணாச்சி, 1/24ம் 1/25ம் கலந்து கட்டலாமா?" நான், "4 சதவீதம்தான் வித்தியாசம், பெரிசாத் தெரியாது" என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன். எதை எதோடு சேர்க்கப் போகிறார் என்று கேட்கவில்லை. என் தவறு அது.

மேசை மேல் பார்த்தது

ஜூலை நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். இரண்டு பெட்டியும் திறந்து கிடந்தன.

1934 கிட்டில் கண்ணில் பட்டது நிறைய. டயர்களைப் பழைய உரிமையாளர் ரிம்மிலேயே மாட்டி வைத்திருந்தார். மென்மையான வினைல் டயரில், அதை வளைய வைப்பதற்காகச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் உண்டு. அது மெதுவாகக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். நம் ஊர் வெயிலில் இது இன்னும் வேகமாக நடக்கும். நான்கு ரிம்மில் மூன்று இப்படி அரித்துப் போயிருந்தன. சேஸிஸ் முறுக்கியிருந்தது. கண்ணாடித் துண்டின் மேல் வைத்தால் ஒரு மூலை தூக்கிக்கொண்டது. விண்ட்ஷீல்டு இல்லை. விற்றவர் எல்லாம் இருக்கிறது என்று சொல்லியிருந்தாராம். பாகங்களைச் செய்முறைத் தாளோடு ஒப்பிட்டு எண்ணிப் பார்க்கவில்லை. அந்தக் கிட்டில் பழுதில்லாமல் இருந்தது என்ஜின் ஒன்றுதான்.

டி கிட் நேர்த்தியாக இருந்தது. ஆனால் அது 1913ஆம் ஆண்டு வண்டியை அப்படியே காட்டுவதற்காகச் செய்தது: பித்தளை ரேடியேட்டர், மர ஆரக்கால் சக்கரங்கள், நான்கு சிலிண்டர் என்ஜின். டி-பக்கெட் கட்டியவர்கள் பெரும்பாலும் எடுத்தது 1917க்குப் பிறகு வந்த, பானட் உருண்ட உடல்களை. 1950களில் நார்ம் கிரபோவ்ஸ்கி கட்டிய, எல்லோரும் பார்த்துப் பின்பற்றிய டி கார்கூட 1922 உடல்தான், உள்ளே காடிலாக் வி8. 1913 பாடியை வைத்து அந்தத் தோற்றத்தைக் கொண்டுவர முன்பக்கம் முழுவதையும் புதிதாகச் செய்ய வேண்டும். முதல் கிட் கட்டுகிறவருக்கு அது அதிகம்.

வெர்னியர் சொன்னது

மருமகன் டி பாடியை 1934 சேஸிஸ் மேல் வைத்துக் காட்டினார். பார்க்கும்போதே பொருந்தவில்லை. ஆனால் ஏன் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மாமா எழுந்து உள்ளே போய்த் தன் பழைய வெர்னியர் அளவுகோலை எடுத்துவந்தார்.

"ஏல, ரெண்டுக்கும் வீல்பேஸ் என்ன? அதைப் பாக்காம பாடியை என்னத்துக்குல தூக்கி வைக்க?"

வீல்பேஸ் என்பது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம். இந்த ஆய்வில் முக்கியமான நேரம் இதுதான் என்று நினைக்கிறேன். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, கிட்டையே அன்றுதான் முதலில் பார்க்கிற ஒருவர் கேட்டார். பேருந்து சேஸிஸ் மேல் பாடி ஏற்றுவதைப் பார்த்துப் பழகிய கண் அது.

நிஜ வண்டிகளின் கணக்கை எழுதிப் பார்த்தோம். மாடல் டி வீல்பேஸ் 100 அங்குலம், அதாவது 2540 மி.மீ. 24ஆல் வகுத்தால் 105.8. 1934 ஃபோர்டு 112 அங்குலம். 25ஆல் வகுத்தால் 113.8. வித்தியாசம் 8 மி.மீ. கைக்குள் அடங்குகிற காரில் 8 மி.மீ. என்றால் சக்கரம் வேறெங்கோ நிற்கும்.

நான் சொன்ன 4 சதவீதம் பொய்யில்லை. ஆனால் அது என்ஜின், சக்கரம், ஹெட்லைட் போன்ற தனித்து நிற்கும் பாகங்களுக்குத்தான் செல்லும். நிஜத்திலேயே என்ஜினும் டயரும் பல அளவுகளில் வருகின்றன, அதனால் கண் கண்டுபிடிக்காது. பாடியும் சேஸிஸும் ஒன்றின் மேல் ஒன்று உட்காருகிறவை. அங்கே 4 சதவீதம் என்பது 100 மி.மீ. நீளத்தில் 4 மி.மீ. இடைவெளி. அதற்கு மேல் இரண்டு வெவ்வேறு ஆண்டு வண்டிகளின் நிஜ வித்தியாசம் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

எடுத்த முடிவும் காரணமும்

அன்று இரவே முடிவெடுக்கவில்லை. ஒரு வாரம் தள்ளிப்போட்டோம். அந்த வாரத்தில் மருமகன், கிட்டுகளைப் பட்டியலிடும் ஸ்கேல்மேட்ஸ் இணையதளத்தில், அவற்றின் பாகங்களை வார்க்கும் அச்சுகளின் வரலாற்றைப் படித்தார். ஒரே அச்சு பல பத்தாண்டுகளுக்குப் பெட்டி மட்டும் மாறி விற்பனைக்கு வரும் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பெட்டியில் இருக்கும் ஆண்டும் அச்சின் ஆண்டும் வேறு வேறு. பல கிட்டுகளின் செய்முறைத் தாளும் அங்கே பார்க்கக் கிடைக்கும். எந்தப் பாகம் தனியாக வருகிறது, எது ஒன்றோடு ஒன்றாக வார்த்து வருகிறது என்பதை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடலாம்.

மருமகனுக்குக் கூரை தாழ்ந்த கூபேதான் வேண்டும். முதல் கிட்டில் அது வேண்டாம் என்று நான் சொன்னேன். கூரையைத் தாழ்த்துவது, அதாவது சாப் செய்வது, நிஜத்தில் 3 அங்குலம் என்றால் 1/25ல் 3 மி.மீ.தான். ஆனால் எந்த வண்டி என்பதைப் பொறுத்து வேலை மாறும். 1928 முதல் 1931 வரை வந்த ஃபோர்டு மாடல் ஏ கூபேயில் கூரையைத் தாங்கும் தூண்கள் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கின்றன. நடுவில் ஒரு துண்டை எடுத்தால் மேல் பாதி கீழ் பாதியின் மேல் ஓரளவு நேராக வந்து உட்காரும். 1933, 1934 வண்டிகளில் முன் தூண் சாய்ந்திருக்கிறது. கூரை கீழே இறங்கினால் தூணின் மேல்முனை பின்னால் தள்ளி நிற்கும், கீழ்முனை முன்னால் நிற்கும். கூரையைக் குறுக்கே வெட்டி நீட்ட வேண்டும், அல்லது தூணை இன்னும் சாய்க்க வேண்டும். மருமகன் வாங்கியிருந்தது சாய்ந்த தூண் வண்டி.

மாமா வேறு ஒன்று கேட்டார். "ஹாட் ராட்காரனுக்கு எந்த சேஸிஸ் பிடிக்கும்?" அந்தக் கேள்வி எங்களை நேராக 1932க்குக் கொண்டுபோனது. மாடல் ஏயில் சேஸிஸின் பக்கவாட்டை ஒரு தகடு மறைத்துவிடும். 1932 ஃபோர்டில் சேஸிஸின் நீளச்சட்டமே வெளியே தெரியும், அதன் பக்கத்தில் அழகான அழுத்துவரி ஒன்று ஓடும். மட்கார்டைக் கழற்றினாலும் பார்க்க நன்றாக இருக்கும். மாடல் ஏ சட்டத்தைவிட உறுதியும் அதிகம். அதனால்தான் மாடல் ஏ ரோட்ஸ்டர் பாடியை 1932 சேஸிஸ் மேல் வைப்பது பழைய ஹாட் ராட் வழக்கமாக நிலைத்தது. மட்கார்டு இல்லாமல், பாடி சேஸிஸுக்கு மேலேயே உயர்ந்து உட்காரும் இந்த வகைக்கு ஹைபாய் என்று பெயர். நிஜ வண்டியிலேயே இரண்டுக்கும் வீல்பேஸ் ஒன்றல்ல. ஏ 103.5 அங்குலம், 1932 வண்டி 106 அங்குலம். 1/25ல் 105.2, 107.7. இந்த இரண்டரை மி.மீ.யை இரண்டு கிட்டிலிருந்து எடுத்து ஒட்டுகிறவர் தானே சரிக்கட்ட வேண்டும்.

ரெவெல் நிறுவனத்தின் 1/25 அளவு 1929 மாடல் ஏ ரோட்ஸ்டர் கிட்டில் இந்தச் சரிக்கட்டலை அவர்களே செய்திருக்கிறார்கள். பாடியும் 1932 பாணி சேஸிஸும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி ஒரே பெட்டியில் வருகின்றன. ப்யூக் நெயில்ஹெட் வி8 என்ஜினும் உண்டு. ரோட்ஸ்டர் என்பதால் வெட்டக் கூரையே கிடையாது. அதையே வாங்குவது என்று முடிவானது. 1934 கிட் என்ஜினுக்கான உதிரியாக மாறும். டி கிட்டை அப்படியே, ஹாட் ராட் ஆக்காமல், அசல் வண்டியாகக் கட்டுவது.

ப்யூக்கின் நெயில்ஹெட் இருக்கும்போது 1934 கிட்டின் ஃபோர்டு வி8, அதாவது ஃப்ளாட்ஹெட் என்ஜின், எதற்கு என்று நான் கேட்டேன். மாமாவின் பதில் அவருடைய தொழிலிலிருந்து வந்தது. 1932ல் ஃபோர்டு கொண்டுவந்த அந்த 221 கன அங்குல, 65 குதிரைத்திறன் வி8தான் சாதாரண ஆள் வாங்கக்கூடிய விலையில் முதன்முதலாக வி8ஐக் கொடுத்தது. வால்வு எல்லாம் பிளாக்கிலேயே இருப்பதால் எக்ஸாஸ்ட் புகை பிளாக்குக்குள் புகுந்துதான் வெளியே வரும், அதனால் சீக்கிரம் சூடேறும். படத்தைப் பார்த்தே அதைக் கண்டுபிடித்த மாமா, "இதைத்தான் போடணும். குறையோட இருக்கிற என்ஜினைத்தான் மெக்கானிக்குப் பிடிக்கும்" என்றார். நான் மறுக்கவில்லை.

கட்டிய விதம்

ஆகஸ்ட் கடைசியில் கிட் வந்தது. இந்தத் தடவை பாகங்களை எண்ணிப் பார்த்த பிறகே எதையும் வெட்டினோம். டயரைத் தனிப் பையில் போட்டோம். ரிம்மில் மாட்டும் இடத்தில், குழாய் வேலைக்குச் சுற்றும் டெஃப்ளான் டேப்பை ஒரு சுற்று சுற்றினோம்.

குரோம் பூச்சுள்ள பாகங்களில் மாமா முதலில் தடுமாறினார். ஒட்டியது மறுநாள் கையோடு வந்தது. கிட் குரோம் என்பது பிளாஸ்டிக் மேல் ஒரு வார்னிஷ், அதன் மேல் வெற்றிடத்தில் படியவைத்த மெல்லிய அலுமினியம். கிட் பசை பிளாஸ்டிக்கை இளக்கித்தான் ஒட்டும், அந்தப் பூச்சைத் தாண்டி உள்ளே போகாது. ஒட்டும் இடத்தில் பிளேடால் சுரண்டினோம். முழுவதும் நீக்க வேண்டிய பாகங்களைத் துணிக்குப் போடும் ப்ளீச்சிங் திரவத்தில் ஊறவைத்ததில் அலுமினியம் கரைந்து போனது.

ஃப்ளாட்ஹெட் அப்படியே உட்காரவில்லை. கியர்பாக்ஸ் தாங்கி வேறு இடத்தில் இருந்தது. மாமா ஸ்ப்ரூ (கிட் பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டம்) துண்டிலிருந்து 2 மி.மீ. கனத்தில் இரண்டு பட்டை அறுத்து அடியில் கொடுத்தார். மின்விசிறி ரேடியேட்டரில் முட்டுகிறதா என்று ஒரு தாளை நடுவே விட்டு இழுத்துப் பார்த்தார். தாள் போய்வந்தால் இடம் போதும் என்று பணிமனை வழக்கமாம். 1/25ல் அது எதற்கும் அளவில்லைதான், ஆனாலும் என்ஜின் சரியான இடத்தில் நின்றது.

பெயிண்டில் பட்டது

அக்டோபரில் மருமகன் அவசரப்பட்டார். பைபாஸ் பக்கம் தெரிந்த ஒரு கார் பெயிண்டிங் பட்டறையில் பாடியைக் கொடுத்துவிட்டார். அங்கே தகட்டுக்கு அடிக்கிற பிரைமரையே, தின்னர் தாராளமாகக் கலந்து அடித்தார்கள். வாங்கி வந்தபோது பின்பக்கம் முழுவதும், பழைய பீங்கான் தட்டில் விழுவது போன்ற மயிரிழை விரிசல். அந்தத் தின்னர் தகட்டை ஒன்றும் செய்யாது, பாலிஸ்டைரீனைக் கடித்துவிடும். பட்டறைக்காரர் மேல் குற்றம் சொல்ல முடியாது. அது என்ன பிளாஸ்டிக் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

400 எண் உப்புத்தாளில் தொடங்கி, தண்ணீர் விட்டுத் தேய்த்து, புட்டி இட்டு, மறுபடி தேய்த்து பாடியை மீட்க மூன்று வாரம் ஆனது. கதவு ஓரக் கோடுகள் சில இடங்களில் மழுங்கிவிட்டன. மாமா ஊசி முனையால் திரும்பக் கீறினார். கூர்ந்து பார்த்தால் இன்றும் தெரியும்.

நவம்பரில் வடகிழக்கு மழை. கிட்டுக்கான லாக்கர் பெயிண்டை வீட்டிலேயே அடித்தோம். காய்ந்ததும் கறுப்பு நிறம் பால் கலந்தது போல் வெளுத்துவிட்டது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதில் படிந்துவிடுகிறது. இது பாடத்தில் படித்ததுதான், ஆனாலும் இடையில் இரண்டு நாள் வெயில் அடித்ததை நம்பி அடித்துவிட்டோம். மழை ஓயும்வரை தொடுவதில்லை என்று வைத்துவிட்டு, மார்கழியில் பனி விலகிய பிறகு, 11 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில் மட்டும் அடித்தோம். இரண்டாவது பூச்சு சரியாக வந்தது.

நடந்து முடிந்தது

பொங்கலுக்கு மறுநாள் கார் முடிந்தது. கறுப்பு ரோட்ஸ்டர், சிவப்பு ரிம், பானட் இல்லாமல் என்ஜின் தெரியும்படி. நான்கு சக்கரமும் கண்ணாடி மேல் ஒரே நேரத்தில் படுகின்றன. வீல்பேஸ் வெர்னியரில் 107.5 வந்தது. 1932 சேஸிஸுக்கு வர வேண்டிய கணக்கு 107.7. மாமாவுக்கு நிறத்தைவிட இந்த எண்ணில்தான் திருப்தி.

குறைகளும் உண்டு. மழுங்கிய கதவுக் கோட்டைச் சொன்னேன். பின் டயரை மருமகன் ஆசைப்பட்ட பெரிய அளவில் போட்டதால் பாடியை உரசுகிறது போல நிற்கிறது. ஓடுகிற வண்டியாக இருந்தால் முதல் பள்ளத்திலேயே தட்டும். மாமா மாற்றச் சொன்னார், மருமகன் மாற்றவில்லை. அது அவர்களுக்குள்.

1934 பாடியில் கூரை வெட்டிப் பழகினார்கள். எதிர்பார்த்தபடி தூண் பொருந்தவில்லை. கெட்டுப்போனாலும் இழப்பில்லாத உடல் என்பதால் அதில் பழகியது நல்லதாயிற்று. சாய்ந்த தூண் என்ன செய்யும் என்று நான் அரைமணி நேரம் விளக்கியதைவிட, அந்த 3 மி.மீ. வெட்டு மருமகனுக்கு நன்றாகப் புரியவைத்தது. முறுக்கிய சேஸிஸை வெந்நீரில் காட்டி, கண்ணாடியில் கட்டி வைத்து நேராக்கினோம். முழுதாக நேராகவில்லை, முக்கால்வாசி.

எதிர்பாராத விளைவு டி கார். மாமா அதைத் தனியாக எடுத்துக்கொண்டார். பித்தளை ரேடியேட்டருக்கு நிறம் தேடி, கட்டை அச்சு வேலை செய்கிறவரிடமிருந்து பொன்தூள் வாங்கி வந்து தானே கலந்தார். மட்கார்டும் விளக்கும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிற வண்டி. கொட்டகையில் பார்த்த ஃபோர்டு எந்த ஆண்டு என்று அவருக்கு நினைவில்லை. ஆனால் கட்டி முடித்ததும், அதன் முகம் இப்படித்தான் இருந்தது என்றார்.

மறுபடி செய்தால் மாற்றுவது

வாங்குகிற வரிசையை மாற்றுவேன். முதலில் எந்த வகை ஹாட் ராட், அதற்கு எந்த சேஸிஸ், அதன் வீல்பேஸ் 1/25லோ 1/24லோ எத்தனை மி.மீ. என்று ஒரு தாளில் எழுதிய பிறகே கிட் தேடுவது. என்னிடம் யாராவது 1/24, 1/25 கலக்கலாமா என்று கேட்டால், "எந்தப் பாகத்தை?" என்று திருப்பிக் கேட்காமல் இனிப் பதில் சொல்வதில்லை.

பிரித்த கிட் வாங்கினால் டயர் ரிம்மில் இருக்கிறதா என்று புகைப்படம் கேட்பது. சேஸிஸைக் கண்ணாடி மேல் வைத்து ஒரு படம். இந்த இரண்டையும் அனுப்ப முடியாதவரிடம் வாங்க வேண்டாம்.

பெயிண்டை முதலில் பாடியின் உள்பக்கமோ ஸ்ப்ரூவிலோ அடித்து ஒரு நாள் விட்டுப் பார்ப்பது. ஐப்பசி, கார்த்திகையில் லாக்கர் வேண்டாம். அந்த இரண்டு மாதத்தை என்ஜினுக்கும் உள் வேலைக்கும் வைத்துக்கொள்ளலாம், அதற்குத் தூரிகையே போதும்.

ஒன்றை மட்டும் மாற்ற மாட்டேன். கிட் தேர்வில் கார் மாடல் தெரிந்தவரோடு, நிஜ வண்டியில் கை வைத்த ஒருவரையும் உட்கார வைத்துக்கொள்வேன்.

சித்திரையில் மருமகன் அடுத்த கிட்டுக்குப் பட்டியல் கொண்டுவந்தார். 1930 மாடல் ஏ கூபே, செங்குத்துத் தூண். பட்டியலின் ஓரத்தில் மாமாவின் கையெழுத்தில் 105.2 என்று எழுதியிருந்தது.